மூன்று பத்திலிருந்து மூன்று முப்பத்திநான்கு வரை

சூப்பில் உப்பு போதவில்லை என்று அவெலினோ கூரைச் சட்டத்தின் மேலிருந்து கத்தினான். சூப் இன்னும் கொதிக்கவே ஆரம்பிக்கவில்லை.

"வாசனையிலயே தெரியுதுக்கா! நோயாளிக்கு ஊத்துற கஞ்சி மாதிரி இருக்கு. இன்னைக்கு ஒரு நாளாவது மனுஷங்களுக்கு ஆக்கு!"

"எறங்கி வந்து நீயே ஆக்கிக்கோ. ஆணி அடிக்கத் துப்பில்ல, நாக்கு மட்டும் நீளம்," என்றாள் பெனிதா. கல்லடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, பனியில் உறையவிட்டு மிதித்துக் காயவைத்த உருளைக்கிழங்குகளை வெந்நீரில் ஊறப்போட்டுத் தோல் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. மேலே அவன் சிரிப்பது கேட்டது.

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை. அந்த மலைப்பக்கத்தில் அது குளிர்காலம். உமாசிரியில் ஒருவன் வீட்டுக்குக் கூரை போடுகிறான் என்றால் அன்று யாரும் வேறு வேலைக்குப் போவதில்லை. மச்சினன்மார் தகடுகளைத் தூக்கிக் கொடுப்பார்கள், ஞானத் தகப்பன் உச்சியில் நடுவதற்குச் சிலுவை கொண்டுவருவார், பெண்கள் சமைப்பார்கள், பீர் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருக்கும். பெனிதாவும் அன்று சுகாதார நிலையத்துக் கதவைச் சாத்தி, சாவியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவசரம் என்றால் எங்கே தேடுவது என்று ஊருக்கே தெரியும். அங்கே அவள் பத்தொன்பது வருடமாக உதவி நர்ஸ். டாக்டர் பெண் ஒருத்தி உண்டு, அந்த வாரம் பயிற்சிக்காக நகரத்துக்குப் போயிருந்தாள்.

சட்டத்தின் மேல் இரவுப் பனி இன்னும் உருகியிருக்கவில்லை. மச்சினன் தெயோபிலோ நீட்டிய தகட்டைப் பிடிக்க அவெலினோ குனிந்தான். கால் வழுக்கியது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். கீழே அடுக்கியிருந்த மண்கல்லின் மேல் வலது பக்கமாக விழுந்தான்.

எல்லோரும் ஓடினார்கள். ஓடி வருவதற்குள் அவனே எழுந்து உட்கார்ந்து, தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"பூமித்தாய்க்கு ஊத்தறதுக்கு முன்னாடி நீ குடிச்சே மச்சான், நான் பாத்தேன்," என்றான் தெயோபிலோ. "அதான் காலைப் பிடிச்சு இழுத்துட்டா."

"ஒரு குவளைதான்டா குடிச்சேன். ஒரு குவளைக்கா இவ்ளோ கோவம்?"

கூட்டம் சிரித்தது. காதோரம் ஒரு சிராய்ப்பு. பெனிதா அதைத் துடைத்து, விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னாள். அவன் சரியாக எண்ணினான். பிறகு அவள் மூக்கைப் பிடித்துத் திருகி, "இது ஒண்ணு," என்றான்.

அரை மணி நேரம் கழித்துத் தலை கனக்கிறது என்று சுவரோரம் வெயிலில் படுத்தான். அவன் மனைவி தோமாசா போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். கூரை போடும் நாளில் நண்பகலுக்கு முன்பே ஓர் ஆண் முகத்தின் மேல் தொப்பியை வைத்துக்கொண்டு தூங்கினால் அவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். அது அங்கே வழக்கம். சற்று நேரத்தில் அவன் பக்கத்தில் வேறு இரண்டு பேரும் அப்படியே படுத்துவிட்டார்கள். பெனிதா அந்தப் பக்கம் இரண்டு முறை போனாள். மூன்று தொப்பிகளையும் பார்த்தாள். முப்பது பேருக்குச் சூப் ஊற்ற வேண்டியிருந்தது.

கடைசிக் கிண்ணத்தை அவனுக்கென்று எடுத்துக்கொண்டு போனபோது மணி பதினொன்று ஐந்து. தொப்பியை நீக்கினாள். கன்னத்தின் கீழே வாந்தி. தோளை உலுக்கினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நகக்கண்ணை அழுத்திய பிறகுதான் கண் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. அவன் வாயருகே குனிந்து முகர்ந்தாள். பீர் நாற்றம் இல்லை. ஒரு குவளை என்று அவன் சொன்னது உண்மைதான்.

கிண்ணத்தை எங்கே வைத்தாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை.

கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி, நாலு பேர் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவந்தார்கள். டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தாள். கருவிழிகளின் நடுவே கண்பாப்பா இரண்டும் ஒரே அளவில் இருந்தன, வெளிச்சம் பட்டதும் சுருங்கின. பின்புறத்து மேட்டில் ஏறி நின்றால்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறி, நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் செவாயோஸைப் பிடித்தாள். அவர் தலைக்காயம் பார்க்கிறவர். வருடத்துக்கு நாலு ஐந்து பேரை அவள் அவரிடம் அனுப்பியிருக்கிறாள். குரலைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொள்வார்.

"நிதானமாச் சொல்லு பெனிதா. கண்ணு ரெண்டும் சமமா?"

"சமம்தான் டாக்டர். என் தம்பி டாக்டர்."

"சரி. மானிட்டால் எத்தனை புட்டி இருக்கு?"

"ஒண்ணுதான்."

"ஒரு தடவைக்குத்தான் வரும். கவனமாக் கேளு. அது மூளையில ஏறியிருக்கிற தண்ணியை உறிஞ்சி ரத்தத்துக்கு இழுக்கும், வீக்கம் வத்தும். ஆனா நாலு மணி நேரம். அதுக்கப்புறம் வீக்கம் திரும்பி வரும், சில பேருக்கு முன்னைவிட மோசமா. உன் ரோடு அஞ்சரை மணி நேரம். இப்பவே குடுத்துட்டா, பாதி வழியில உன் கையில ஒண்ணும் இருக்காது. உள்ள ரத்தம் கசிஞ்சுகிட்டிருந்தா, மூளை சுருங்கின இடத்துல அது இன்னும் பரவும்."

"அப்ப எப்ப குடுக்கறது?"

"ஒரு பாப்பா பெரிசாச்சுன்னா, அந்த நிமிஷம். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். தலையை உசத்தி வெச்சுக்கோ, ஆக்சிஜன் வை. கெளம்பு."

மேட்டிலிருந்து இறங்கும்போது அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மானிட்டாலுக்கு ஒரு குணம் உண்டு. குளிர் பட்டால் புட்டிக்குள் ஊசி ஊசியாக உறைந்துவிடும். வெந்நீரில் வைத்துக் குலுக்கினால் கரையும். கரையாமல் ஏற்றக் கூடாது. குளிர்காலம் முழுக்க, கதவைத் திறந்ததும் பெனிதாவுக்கு அதுதான் முதல் வேலை. அன்றும் கெட்டிலில் தண்ணீர் வைத்துக் கரைத்தாள். ஊற்றுநீர் போலத் தெளிந்தது. குழாயை மாட்டி, மருந்தால் நிரப்பி, அடைப்பானை மூடி, ஆம்புலன்ஸின் கொக்கியில் தொங்கவிட்டாள். எல்லாம் தயாராக இருந்தால் ஒரு நிமிடமும் வீணாகாது. பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு வண்டி கிளம்பியது. ஓட்டுநர் ரூபினோ. பின்னால் அவெலினோ, அவன் தலையை மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தோமாசா, பக்கவாட்டு இருக்கையில் பெனிதா. வண்டிக்குள் வெப்பமூட்டும் கருவி ஏப்ரல் மாதத்திலிருந்து வேலை செய்யவில்லை. அவர்களிடம் போர்வைகள் இருந்தன.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டார்ச். கையுறைப் பெட்டி அட்டையைக் கிழித்து, நேரம், நாடி, கண் என்று எழுதினாள்.

"என்ன பாக்கறீங்க அண்ணி?"

"கண்ணு."

"எப்படி இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணா இருக்கு."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே பதில். ஒரு மணிக்கு ஆற்றைக் கடந்தார்கள். இரண்டு மணிக்கு ஏற்றம் தொடங்கியது. கம்பளிக் கோடுகளாகக் கிடந்த ஆட்டு மந்தைகள் பின்னால் போயின. காற்றில் பனித்துகள் வந்து கண்ணாடியில் ஒட்டியது. அவெலினோ குறட்டை விட ஆரம்பித்தான்.

"தூங்கறாரு," என்றாள் தோமாசா, நம்பிக்கையோடு.

பெனிதாவுக்கு அந்தக் குறட்டை தெரியும்; அது தூக்கம் இல்லை. நாடி எண்ணினாள். அறுபத்தி நான்கு. அடுத்த முறை ஐம்பத்தி எட்டு. இரண்டரை மணிக்கு ஐம்பத்தி இரண்டு. உள்ளே அழுத்தம் கூடும்போது நாடி இப்படித்தான் இறங்கும். டார்ச் அடித்தாள். இரண்டும் சமம். செல்போனை எடுத்தாள். ஒரு கோடுகூட இல்லை.

"மருந்து தலைக்கு மேலதானே தொங்குது. ஏன் இன்னும் குடுக்கல?" தோமாசாவின் குரல் உயர்ந்தது.

"இன்னும் நேரம் வரல."

"எப்ப வரும்?"

"கண்ணு மாறும்போது."

"மாறினப்புறம் குடுக்கறதுக்கு எதுக்கு மருந்து? மாறாம இருக்கறதுக்குத்தானே?"

பெனிதா கட்டைவிரலை அடைப்பானின் சக்கரத்தின் மேல் வைத்தாள். ஒரு திருகு போதும். இன்னும் மூன்று மணி நேர வழி. இப்போது திறந்தால் நகரம் வரைக்கும் தாங்கலாம். ஆனால் இருப்பது ஒரே தடவைக்கு. டாக்டர் ஒரு நிமிடம் முன்னாடியும் வேண்டாம் என்றிருக்கிறார். இதுவே வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்வாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்னபடி செய்வேன். விரலை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் அவன் கண்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

கணவாய் உச்சியைத் தாண்டியதும் வண்டி நின்றது.

பாதை முழுக்கக் கற்கள். சுரங்கக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று நாளாக மறியல். கற்களுக்கு அப்பால் ஒரு கூட்டம், புகை, பெரிய பொதுப்பானை.

ஒருவன் தடியால் வண்டிப் பக்கத்தைத் தட்டினான். "உள்ள என்ன?"

"ஆம்புலன்ஸ்ல என்ன இருக்கும்? நோயாளி!" என்றான் ரூபினோ.

"நேத்தும் இப்படித்தான் ஒருத்தன் சொன்னான். தொறந்து பாத்தா நாப்பது வட்டு பாலாடைக்கட்டி. போர்வை போத்தி, குல்லா வேற மாட்டிவிட்டிருந்தான்."

"பாலாடைக்கட்டிக்கு எவனாவது மூக்குல ஆக்சிஜன் வெப்பானாடா? வந்து பாரு!"

பின்கதவு திறந்தது. தடிக்காரன் எட்டிப் பார்த்தான். தடியைக் கீழே போட்டு, தொப்பியைக் கழற்றினான். "கல்லைத் தள்ளுங்கடா! சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

திறந்த கதவு வழியே வெளிச்சம் அவெலினோவின் முகத்தில் விழுந்தது. பெனிதா இமையை நீக்கினாள். இடது பாப்பா மிளகு அளவு. வலது பாப்பா விரிந்து, கருவிழியின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. டார்ச் அடித்தாள். அசையவில்லை.

மூன்று பத்து.

"இப்ப," என்றாள், யாரிடமோ. கை அடைப்பானைத் திறந்தது. சொட்டு விழவில்லை. மறுபடி திருகினாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

புட்டி நிறைய வெள்ளை ஊசிகள். குழாயிலும் ஊசிகள். மூன்றரை மணி நேரம் அது அவள் தலைக்கு மேலே, உறைந்த காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்தின் குணம் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. குழந்தையைக் கட்டுகிற மாதிரி மார்போடு கட்டி வைத்திருக்கலாம். போர்வைக்குள், அவன் அக்குளில்கூட வைத்திருக்கலாம்.

புட்டியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். ஓடினாள். பொதுப்பானையின் பக்கத்தில் அகப்பையோடு ஒரு பெரிய உடம்புக்காரி நின்றிருந்தாள்.

"வெந்நி! வெந்நி குடுங்க! மருந்து உறைஞ்சிருச்சு!"

"எவ்வளவு வேணும்?"

"எல்லாம்!"

அந்தப் பெண் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. "ஏய், பிடிங்கடி!" என்றாள். இரண்டு பேர் சேர்ந்து பானையைச் சாய்த்தார்கள். அறுபது பேருக்கான கிழங்கும் எலும்பும் கற்களின் மேல் உருண்டன. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிறைந்தது. புட்டி உள்ளே போனது.

அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் கொதித்தாலும் சூடு குறைவு. தொட்டியில் ஊற்றியதுமே காற்று அதில் பாதியைப் பறித்துக்கொண்டது. பெனிதா குலுக்கினாள். ஊசிகள் கலங்கி எழுந்து, மெல்லப் படிந்தன.

"கரையுதா?"

"கொஞ்சம்."

"கிறிஸ்பினா, அந்தத் தேத்தண்ணிக் கெட்டில எடு," என்று யாரோ கத்தினார்கள். கிறிஸ்பினா என்பது அந்தப் பெரிய உடம்புக்காரிதான். கெட்டில் வந்தது. பிறகு அவரவர் ஃபிளாஸ்க்குகள் வந்தன, ஒவ்வொன்றாக. இலை போட்ட நீர், சர்க்கரை போட்ட நீர், எல்லாம் தொட்டிக்குள். கிறிஸ்பினா புட்டியைத் தன் கையில் வாங்கிக் குலுக்கினாள். "நீ போயி உன் ஆளப் பாரு, நான் ஆட்டறேன்."

"முழுசாத் தெளியணும். ஒரு ஊசிகூட இருக்கக் கூடாது."

"பேன் பாக்கற கண்ணுடி இது. போ."

வண்டிக்குள் தோமாசா அவன் காதருகே விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பற்றி, தகடுகளைப் பற்றி, இன்னும் எத்தனை ஆணி வேண்டும் என்பதைப் பற்றி. பெனிதா அடைத்த குழாயைக் கழற்றி எறிந்து, பையிலிருந்த மற்றொரு குழாயைப் பிரித்தாள். முதல் முறை உறை கிழியவில்லை. பல்லால் கிழித்தாள். வலது பாப்பா அப்படியே இருந்தது. இடது இன்னும் சுருங்கியது. மூன்று இருபத்தி ஒன்று. மூன்று இருபத்தி ஆறு. கற்கள் எல்லாம் விலகி, பாதை திறந்து கிடந்தது. ரூபினோ இயந்திரத்தை ஓடவிட்டபடி காத்திருந்தான். இப்போது போகவும் முடியாது. அடுத்த வெந்நீர் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால்.

கிறிஸ்பினா ஓடிவந்தாள். அந்த உடம்போடு அவள் ஓடியதைப் பார்த்து வேறொரு நாள் என்றால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். புட்டி தெளிவாக இருந்தது. பெனிதா அதை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். சுட்டது. இந்தச் சூட்டில் ஏற்ற முடியாது.

"ஆத்தணும்," என்றாள். அத்தனை நேரம் குளிரோடு சண்டை போட்டுவிட்டு, இப்போது அந்தக் குளிரையே கெஞ்ச வேண்டியிருந்தது. இருவருமாகப் புட்டியைக் காற்றில் பிடித்துத் திருப்பித் திருப்பி ஆட்டினார்கள்.

மூன்று முப்பத்திநான்குக்கு முதல் சொட்டு விழுந்தது.

இந்த முறை வண்டி ஓடும்போது புட்டியைக் கொக்கியில் மாட்டவில்லை. தன் சட்டைக்குள் விட்டு, இருக்கை மேல் ஏறி நின்று, கூரைக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டார்ச் அடித்தபோது வலது பாப்பா சுருங்கத் தொடங்கியிருந்தது. நாலே கால் மணிக்கு நகக்கண்ணை அழுத்தினாள். அவெலினோ கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கையை இழுத்தாரு! அண்ணி, இழுத்தாரு!"

"இழுத்தான்," என்றாள் பெனிதா.

ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் செவாயோஸ் நின்றிருந்தார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. மேஜையில் இருந்த நர்ஸ் தாளை நீட்டினாள். "பாப்பா விரிஞ்சது எத்தனை மணி? மருந்து ஏத்தினது எத்தனை மணி?"

"மூணு பத்து. மூணு முப்பத்திநாலு."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். ரூபினோ பெனிதாவின் முழங்கையைத் தொட்டான். "மூணு பதினஞ்சுன்னு போடச் சொல்லுங்க," என்றான் மெதுவாக. "யாரு அங்க கடிகாரம் பாத்தா? நாளைக்குக் கேள்வி வந்தா உங்க வேலைக்கு ஆபத்து."

பெனிதா பேனாவை வாங்கித் தானே எழுதினாள். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்: மருந்து உறைந்திருந்தது. நான் கவனிக்கவில்லை.

அன்று மாலையே மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். சனிக்கிழமை ஒரு முறை அவன் கண் திறந்தான். தோமாசாவைப் பார்த்தானா, சுவரைப் பார்த்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரவோடு வீக்கம் திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறந்தான். வயது முப்பத்தி நாலு.

டாக்டர் செவாயோஸ் நடைகூடத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இருபத்திநாலு நிமிஷம் டாக்டர்."

"தாள்ல பாத்தேன்."

"அது இல்லாம இருந்திருந்தா?"

"தெரியாது பெனிதா. கட்டி பெரிசா இருந்துச்சு. ரெண்டரை மணிக்கு நாடி எறங்கினப்பவே குடுத்திருந்தா? அதுவும் தெரியாது. கண்ணு மாறற வரைக்கும் காத்திருன்னு சொன்னது நான். அது உன் தாள்ல இல்ல. என் தாள்ல நான் எழுதிட்டேன்."

"பதினொரு மணி வரைக்கும் நான் சூப் ஊத்திகிட்டிருந்தேன்."

அதற்கு அவர் ஆறுதல் சொல்லாததற்காக அவள் அவரிடம் இன்றுவரை நன்றியோடு இருக்கிறாள்.

விசாரணை வந்தது. ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்து, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸில் மருந்தைச் சூடாக வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று எழுதிப்போட்டாள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பெட்டி வரவில்லை. மீதிக் கூரையைத் தெயோபிலோ போட்டுக் கொடுத்தான், பீர் இல்லாமல், யாரையும் கூப்பிடாமல். தோமாசா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இருவரும் சந்தையில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். அந்தச் சாலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

மார்ச் மாதம் தலைநகரிலிருந்து மருந்துப் பெட்டிகள் வந்தன. பெனிதா மானிட்டால் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த தாளை முதல் முறையாக ஓர் எழுத்து விடாமல் படித்தாள். அடியில், பொடி எழுத்தில், எப்படி வைத்திருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்தது: முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் போகாத இடத்தில் வைக்கவும். குளிரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சுகாதார நிலையத்துச் சுவரில் தொங்கும் வெப்பமானி, அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இருபத்தொன்றைத் தாண்டியதில்லை. அடுத்த வருடம் வந்த புட்டியிலும் அந்த வரி அப்படியேதான் இருந்தது.